தம் ஆட்டத்திற்குத் தாமே இட்ட வழி

(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஆட்டம் யார்க்குரியது? ஆடுவோர்க்கா? காண்போர்க்கா? அதனைப் படம்பிடித்து விற்போர்க்கா? இவ் வினா அயர்லாந்து நாட்டில் 2023-ஆம் ஆண்டு மே திங்களில் தெருவிலும் நாடாளுமன்றத்திலும் ஒருங்கே எழுந்தது. அத் திங்கள் 6-ஆம் நாள், காரிக்கிழமை, கார்க்கு மாவட்டமும் திப்பரேரி மாவட்டமும் அர்லிங்கு ஆட்டத்தில் மோதின. ஆட்டம் சமனில் முடிந்தது. ஒரு பக்கம் 4-19. மறு பக்கம் 2-25. அந் நாட்டுக் கணக்கில் வலைக்குள் சென்ற பந்து ஒன்றுக்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்திற்கு மேலே சென்ற பந்து ஒன்றுக்கு ஒரு புள்ளி. கூட்டினால் இரு பக்கமும் 31. அத்தகைய ஆட்டத்தை, கட்டணஞ் செலுத்தி இணையவழி பார்த்தோரும் அரங்கிற்குச் சென்றோருமே கண்டனர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை நம்பியிருந்த முதியவர்க்கு அன்று வானொலியே துணை.

இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். காசு கொடுத்து ஆட்டம் பார்ப்பது உலகெங்கும் உள்ளதே. ஆயின், இவ் ஆட்டம் உலகெங்கும் உள்ள ஆட்டமன்று. இதனை நடத்துங் கழகமும் வணிகக் கழகமன்று. இவ் இரண்டையும் அறிந்தாலன்றி அச் சினத்தின் பொருள் விளங்காது.

அர்லிங்கு என்பது அயர்லாந்து மக்களின் தொன்மையான ஆட்டம். ஆங்கிலத்தில் அப் பெயர் வழங்கினும், ஐரிய மொழியில் அதற்குத் தனிப்பெயர் உண்டு. பக்கத்திற்குப் பதினைவர். ஒவ்வொருவர் கையிலும் நுனி வளைந்து தட்டையான ஒரு மட்டை; அது சாம்பமரத்தில் செதுக்கப்படுவது வழக்கம். ஐரிய மொழியில் அதற்குக் ‘கமான்’ என்று பெயர். பந்து தோலாற் போர்த்தது. 110 முதல் 120 கிராம் எடையுள்ளது. குறுக்களவு ஏழு விரற்கடையன்று, ஏழு செண்டிமீட்டர் அளவே. அச் சிறுபந்து 130 மீட்டருக்கு மேல் நீண்ட களத்தில் கண்ணிமைக்குமுன் பாதித் தொலைவு பறந்துவிடும். 2018-ஆம் ஆண்டு ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு இவ் ஆட்டத்தை மாந்தரினத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆயினும், அயர்லாந்தையும் அந் நாட்டினர் குடியேறிய ஊர்களையும் தவிர ஏனை இடங்களில் இதனை ஆடுவாரும் அரியர், அறிவாரும் அரியர்.

இதனை நடத்துவது கேலிய விளையாட்டுக் கழகம். 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தர்லசு என்னும் ஊரில் ஒரு விடுதியறையில் அது தோன்றியது. கூடியவர் ஏழுவரே என்பது வழிவழிச் செய்தி. முன்னின்றவர் கிளேர் மாவட்டத்தில் பிறந்த ஆசிரியரான மைக்கேல் கியூசக்கு. முதல் தலைவர் மாரிசு டேவின். ஆங்கிலேயர் ஆட்டங்களே நாகரிகம் என்று கருதப்பட்ட காலத்தில், நாட்டு ஆட்டங்களை மீட்டெடுப்பதே அவர்தம் நோக்கம். 1920 நவம்பர் 21-இல் இடபிளின் நகரின் குரோக்கு அரங்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேயப் படையினர் உட்புகுந்து சுட்டதில் பதினால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் களத்தில் நின்ற திப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஓகன். அவர் பெயராலேயே அவ் அரங்கின் ஒரு பக்கம் இன்றும் வழங்குகிறது.

கழகம் அயலாட்டங்களை எவ்வளவு கடிதாக விலக்கிற்று என்பதற்கு ஒரு செய்தி போதும். டக்ளசு ஐடு என்பார் 1893-இல் ஐரிய மொழி மீட்புக்கெனக் கேலியக் குழாத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர். 1938-இல் அவரே நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். தலைவர் என்ற முறையில், போலந்து நாட்டுடன் நடந்த கால்பந்தாட்டம் ஒன்றைக் காணச் சென்றார். அது குற்றமெனக் கூறிக் கழகம் அவரைத் தன் புரவலர் பட்டியலினின்று நீக்கிவிட்டது! மொழியைக் காத்த கையையே தட்டிவிட்ட அச் செயல் உறுதியன்று, மிகை. அவ் விலக்குவிதி 1971-இல்தான் நீங்கியது.

ஒன்று மட்டும் இன்றுவரை மாறவில்லை. இக் கழகத்தின் ஆட்டக்காரர் எவரும் ஆட்டத்திற்கு ஊதியம் பெறுவதில்லை. எண்பதாயிரம் பேர் ஆர்ப்பரிக்க ஞாயிறன்று குரோக்கு அரங்கில் ஆடியவர், திங்களன்று காலையில் பள்ளியில் பாடம் நடத்துவார். அல்லது மாட்டுத்தொழுவத்தில் நிற்பார். ஊர்க் கழகத்தில் களம் வெட்டுவதும் சிறுவரைப் பயிற்றுவதும் நுழைவுச்சீட்டு விற்பதும் கூலியில்லாப் பணிகளே. எனவேதான், ‘நாங்கள் வளர்த்த ஆட்டத்தை எங்களுக்கே விற்கிறீர்களா?’ என்று ஊர்மக்கள் கேட்டபோது அக் கேள்வி சுட்டது.

இனி, அவ் ஆட்டத்தைத் தொலைவிலுள்ளார்க்குக் கொண்டுசென்ற வழியைப் பார்ப்போம்.

அயர்லாந்தின் வானொலி 1926 சனவரி முதல் நாள் தொடங்கியது. தொடக்கவுரை ஆற்றியவரும் அதே ஐடு அவர்களே. அவ் ஆண்டு ஆகத்து 29-இல் கில்கென்னிக்கும் கால்வேக்கும் இடையே நடந்த அர்லிங்கு அரையிறுதி ஆட்டம் களத்திலிருந்தே நேரே ஒலிபரப்பப்பட்டது. ஐரோப்பாவில் களவிளையாட்டொன்று அவ்வாறு ஒலிபரப்பப்பட்டது அதுவே முதன்முறை என்பர். சிறிய மக்களினம் புதிய கருவியை அஞ்சாது கைப்பற்றிய நிகழ்ச்சி அது.

பின்னர் 1947. கொடும் பஞ்சம் உச்சநிலையடைந்த 1847-இன் நூறாம் ஆண்டு. பஞ்சத்தால் கடல்கடந்தோரின் வழிவந்தோர்க்காக, அவ் ஆண்டின் கேலியக் கால்பந்து இறுதியாட்டம் செப்டம்பர் 14-இல் அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் நடத்தப்பெற்றது. கேவனும் கெரியும் ஆடின. நேர்முகம் உரைத்தவர் மைக்கேல் ஓ எகிர். அத்திலாந்திக்குப் பெருங்கடலைத் தாண்டிவரும் கம்பித்தடம் குறித்த நேரம்வரையே வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. ஆட்டமோ காலந்தாழ்த்தித் தொடங்கியது. முடியும் நேரம் நெருங்க நெருங்க, அவர் ஆட்டத்தை உரைத்தபடியே, ‘தடத்தைக் கையாளும் அன்பர்களே, இன்னும் ஐந்து மணித்துளி கொடுங்கள்’ என்னும் பொருள்பட இரந்து வேண்டினார். தடம் அறுபடவில்லை. யாரோ ஒருவர் இரங்கினார். கேவன் வென்றது, அயர்லாந்து முழுதும் கேட்டது. ஒரு நாடே காதைத் தீட்டிக்கொண்டிருந்த அவ் வேளையில், அதன் ஆட்டம் யாரோ முகமறியாத ஒருவரின் கைவிரலில் தொங்கியது.

1962 முதல் இறுதியாட்டங்கள் தொலைக்காட்சியில் வந்தன. அஃது உள்நாட்டார்க்கு. கடல்கடந்தோர் என்ன செய்தனர்? இலண்டனிலும் பாசுடனிலும் சிட்னியிலும் குடிப்பகங்களில் கூடிக் கட்டணங் கொடுத்துச் செயற்கைக்கோள் வழியே பார்த்தனர். அவ் வணிகத்தில் வளர்ந்த நிறுவனமொன்றன் பெயர் ‘செதாந்தா’. பண்டை ஐரியக் கதைகளில் வரும் சிறுவன் பெயர் அது. வேட்டைநாய் பாய்ந்தபோது மட்டையும் பந்துங் கொண்டே அதனைக் கொன்றவன் அவன். பெயரென்னவோ மறப்பெயர்தான்! ஆயின் ஆங்கிலக் கால்பந்து உரிமங்களுக்கு மிகுபொருள் கொட்டி, 2009 சூன் திங்களில் அதன் பிரித்தானியக் கிளை முறிந்தது. தம் ஆட்டத்திற்கு அயலார் கடையை நம்பியிருந்தோர், அக் கடை சாத்தப்படுமாயின் தெருவில் நிற்க நேரும் என்பது அப்போது தெளிவாயிற்று.

2014-ஆம் ஆண்டு இருவேறு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. ஒன்று, கழகம் ‘இசுகை’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனத்திற்கு 14 ஆட்டங்களைத் தனியுரிமையாக விற்றது. நாடு கொதித்தது. மற்றொன்று, கழகமும் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யும் சரிபாதிப் பங்கில் ‘சி.ஏ.ஏ.கோ’ என்னும் இணைய ஒளிபரப்புத் தளத்தைத் தொடங்கின. இது வெளிநாட்டு ஐரியர்க்கு மட்டுமே. முன்னதைப் பற்றி நாடெங்கும் பேச்சு. பின்னதைப் பற்றி உள்நாட்டில் பேசினார் மிகச்சிலர். ஆயின் நிலைத்தது பின்னதே.

இத்தகைய தளத்தை அமைப்பது எளிதென்று எண்ணற்க. திரைப்படத்தை இணையத்தில் இடுவது வேறு; ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை இடுவது வேறு. திரைப்படத்தை ஒருவர் காலையிற் பார்ப்பார், ஒருவர் இரவிற் பார்ப்பார். ஆட்டத்திற்கோ, பந்து எறியப்படும் அதே மணித்துளியில் பல்லாயிரவர் ஒருங்கே கதவைத் தட்டுவர். அவர் கட்டணஞ் செலுத்தினாரா என்று நோக்கி உள்விடும் வாயிற்பகுதியே முதலில் திணறும். படத்தை அனுப்பும் பகுதியன்று. இதனைப் பட்டறியாதார் படக்கருவிக்கே பொருளையெல்லாம் செலவிட்டுப் பின் வருந்துவர்.

படம் செல்லும் முறையும் அறியத்தக்கது. ஓடும் ஆட்டத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குவர். ஒவ்வொரு துண்டையும் தெளிவு மிக்கது, இடைப்பட்டது, குறைந்தது எனப் பல தரத்தில் ஆக்குவர். அவற்றின் படிகளை உலகின் பல நகரங்களிலுள்ள கணிப்பொறிகளில் வைப்பர். காண்பாரின் கருவி, தன் இணையத்தின் விரைவிற்கேற்ற தரத்தைத் துண்டுதோறும் தானே தேர்ந்துகொள்ளும். வழி நெருக்கமானால் படம் மங்கும், ஆனால் நிற்காது. இம் முறையால் ஒரு குறையும் உண்டு. களத்தில் நிகழ்ந்தது திரையில் தோன்ற அரை மணித்துளிவரை தாழலாம். அடுத்த வீட்டில் வானொலி கேட்பவர் கூவியபின்னரே இவ் வீட்டில் பந்து வலைக்குட் செல்லும்!

அர்லிங்கு ஆட்டம் இதில் இன்னும் கடினம். படத்தைச் சுருக்கும் முறை, முன்படத்திற்கும் பின்படத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புவது. பரந்த புல்வெளியில் பறக்கும் சிறுவெண்பந்தை அம் முறை எளிதில் விழுங்கிவிடும். நொடிக்கு 25 படம் போதாது, 50 வேண்டும்; அதற்கேற்ப இணையமும் விரிந்திருக்கவேண்டும். அயர்லாந்தின் சிற்றூர்களிலோ அகல்விரிவு இணையம் இல்லாத வீடுகள் ஐந்து நூறாயிரத்திற்கு மேல் இருந்தமையால், அவற்றுக்கு ஒளியிழை இழுக்க அரசு 2019-இல்தான் ஒப்பந்தம் செய்தது. அர்லிங்கைப் பெரிதும் போற்றுவோர் பலர் வாழ்வதும் அத்தகைய ஊர்களிலேயே என்பதை நினைவிற் கொள்க.

வெளிநாட்டில் வாழ்ந்தார்க்கு இத் தளம் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. அயர்லாந்தில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம், சிட்னியில் நள்ளிரவு கடந்து அரைமணிக்குத் தொடங்கும். அந் நேரத்திற் குடிப்பகந் தேடி அலையாமல், கைக்குழந்தையை மடியிற் கிடத்தியபடியே ஒரு தாய் தன் மாவட்டம் ஆடுவதைக் காண முடிந்தது. அவள் செலுத்திய கட்டணம் அயலாரின் பெட்டிக்குச் செல்லாமல், அவ் ஆட்டத்தையும் நாட்டின் பொது ஒளிபரப்பையும் நடத்துவோர்க்கே சென்றது.

2020-இல் வந்த கொள்ளைநோய் மற்றொரு கதவைத் திறந்தது. கோடையில் ஊர்க்கழக ஆட்டங்களுக்கு 200 பேருக்கு மேல் கூடக்கூடாதென்று அரசு வரம்பிட்டது, பின்னர் அதுவுமில்லை. உடனே மாவட்டக் கழகங்கள் தாமே படக்கருவி வைத்து ஆட்டங்களை இணையத்தில் விட்டன. சாரம் கட்டி அதன்மேல் ஒரு படக்கருவி, காற்றிரைச்சலோடு ஓர் ஊர்க்காரர் குரல். அவ்வளவே! ஆயினும் மக்கள் பார்த்தனர். ஆட்டத்தின் சிறப்பாலன்று, ஆடுபவன் தம் ஊர்ப்பிள்ளை என்பதால். பெரிய நிறுவனம் எதுவும் படம்பிடிக்க வாராத ஆட்டங்கள் அவை.

2022-இல் இசுகை உடன்பாடு முடிந்தது. அதே ஆண்டுமுதல் கழகம் தன் ஆட்டப்பருவத்தை இரண்டாகப் பிரித்து, மாவட்ட ஆட்டங்களைச் சூலைக்குள் முடிக்கத் தலைப்பட்டது. ஊர்க்கழகங்களுக்கு அது நன்மையே. ஆனால் பல ஆட்டங்கள் சில கிழமைகளுக்குள் நெருங்கின. ஆர்.டி.இ. இலவயமாகக் காட்டும் இடமோ அளவானது. மிஞ்சியவற்றை என்செய்வது? இசுகைக்குப் பகரமாக, வெளிநாட்டினர்க்கென அமைத்த தளத்தை உள்நாட்டிற்கும் திறந்துவிட்டனர். 2023-இல் 38 ஆட்டங்கள் அதில் மட்டும். பருவம் முழுமைக்கும் 79 யூரோ. ஓர் ஆட்டத்திற்கு 12 யூரோ.

ஏப்பிரல் 29-இல் கிளேர், இலிமெரிக்கை ஒரே புள்ளியில் வென்ற ஆட்டமும் கட்டணத் திரைக்குப் பின்னால் மறைந்தது. அடுத்த கிழமையே முற்கூறிய கார்க்கு, திப்பரேரி ஆட்டம். துணைத் தலைமையமைச்சர் மைக்கேல் மார்ட்டின் வெளிப்படையாகக் குறைகூறினார், அவரும் கார்க்கினரே. கழகத்தாரும் ஒளிபரப்பு நிறுவனத்தாரும் நாடாளுமன்றக் குழுவின்முன் விளக்கம் அளித்தனர். 2024 மே 11-இல் கார்க்கு, இலிமெரிக்கை 3-28, 3-26 என வென்ற பேராட்டமும் அவ்வாறே மறைய, பழைய புண் மீண்டும் கிளறப்பட்டது.

கழகத்தார் கூறிய விடையிலும் உண்மை உண்டு. இத் தளம் இல்லாவிடின் அவ் ஆட்டங்களுட் பல எத் திரையிலும் வந்திரா. எல்லா ஆட்டத்தையும் இலவயமாகக் காட்டினால் அரங்கு வெறுமையாகும். வரும் பொருளின் பெரும்பகுதி ஊர்க்கழகங்களுக்கே திரும்புகிறது. இம் மூன்றையும் புறந்தள்ளுதல் முறையன்று.

ஆயினும் குறை வேறிடத்தில் இருந்தது. ஆர்.டி.இ. என்பது பொதுமக்கள் ஆண்டுக்கு 160 யூரோ உரிமக் கட்டணஞ் செலுத்தி நடத்தும் நிறுவனம். இலவயமாகக் காட்டவேண்டியதும் அதுவே. கட்டணத் தளத்தில் பாதிப் பங்காளியும் அதுவே. எவ் ஆட்டம் இலவயம், எவ் ஆட்டம் விலைக்கு என்று பிரிக்கும் மேசையில், இரு பக்க நாற்காலியிலும் ஒருவரே அமர்ந்தால் எவர் நம்புவார்? நோக்கம் தூய்மையாயினும் ஐயம் எழாமல் இராது. தரகும் தீர்ப்பும் ஒரு கையில் இருத்தல் ஆகாது. உரிமக் கட்டணஞ் செலுத்திய முதியவர், தாம் இருமுறை விலை கொடுப்பதாகவே கருதினார். அக் கருத்தைத் தவறென்று சொல்லிவிட முடியாது.

அயர்லாந்தில் ஒரு சட்டம் உண்டு. அச் சட்டத்தின்கீழ், நாட்டுக்குப் பொதுவான பெருநிகழ்ச்சிகளை இலவயத் தொலைக்காட்சியிலேயே காட்டவேண்டுமென அரசு குறிக்கலாம். அர்லிங்கு, கேலியக் கால்பந்து ஆகியவற்றின் அனைத்து அயர்லாந்து இறுதியாட்டங்கள் அப் பட்டியலில் உள்ளன. மே திங்களின் தொடர் ஆட்டங்கள் இல்லை. எனவே சட்டத்தாற் பயனில்லை. கழகத்தின் மனமே சட்டம்.

இவ்விடத்தில் ஐரிய மொழியின் பங்கைக் கூறாது விடுதல் பிழையாகும். மொழியார்வலர் நெடுநாட் போராடிப் பெற்ற ஐரியமொழித் தொலைக்காட்சி 1996 அத்தோபர் 31-இல் தொடங்கியது, இன்று ‘டி.சி. 4’ என வழங்குவது. பார்ப்பார் யார் என்று ஏளனம் செய்தோர் அன்று பலர். அந் நிலையம் செய்தது என்ன? பிறர் புறக்கணித்த ஊர்க்கழக ஆட்டங்களையும் பெண்டிர் கால்பந்தையும் எடுத்துக்கொண்டது, இலவயமாகக் காட்டியது, நேர்முகத்தை ஐரிய மொழியிலேயே உரைத்தது. 2001 முதல் பெண்டிர் கால்பந்துப் போட்டிக்கு அதுவே புரவலர். 2019-இல் பெண்டிர் இறுதியாட்டங்களைக் காண வந்தோர் 56,114 பேர். வீட்டில் ஐரிய மொழி பேசாத குடும்பத்துச் சிறுவனும், ‘அடி’, ‘பந்து’, ‘புள்ளி’ என்னும் சொற்களை அம் மொழியிற் கேட்டே வளர்ந்தான். 1949-இல் ஓர் இறுதியாட்டத்தை ஐரிய மொழியில் உரைத்துத் தொடங்கி 2010 வரை நேர்முகம் உரைத்த, கெரி மாவட்டத்து மீகால் ஓ மூரிகார்த்தி இட்ட தடம் அது. 2024-இல் அவர் மறைந்தபோது நாடே துயருற்றது. கட்டணத் தளம் ஈட்டிய பொருளைவிட இது பெரிதா சிறிதா என்று கணக்கர் கூறார். அவர் ஏட்டில் அதற்குப் பத்தி இல்லை.

2024-ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் ஆர்.டி.இ. தளத்தினின்று விலகுவதாக அறிவித்தது. அதன் பங்கைக் கழகமே எடுத்துக்கொண்டது. 2025 தொடக்கத்தில் அத் தளம் ‘சி.ஏ.ஏ. பிளசு’ என்னும் புதுப்பெயருடன் முழுதும் கழகத்தின் உடைமையாயிற்று. மேசையின் இரு பக்கமும் ஒருவரே அமர்ந்திருந்த முறைகேடு நீங்கியது. ஆனால் கட்டணம் நீங்கவில்லை. எவ் ஆட்டத்தை விலைக்கு வைப்பது என்னும் வினாவும் நீங்கவில்லை. முன்னர் இருவர் சுமந்த பழியை இனி ஒருவர் சுமக்கவேண்டும் என்பதே வேறுபாடு. இழப்பு நேரினும் அஃது ஊர்க்கழகங்களின் பணமே.

2025 சூலை 20-இல் அர்லிங்கு இறுதியாட்டம் நடந்தது. இரு பக்கமும் யாவர்? 2023-இல் அவ்வளவு பூசலுக்கும் பொருளாயிருந்த அதே கார்க்கும் திப்பரேரியுமே. சட்டப்பட்டியலில் உள்ள ஆட்டமாதலின் அன்று உள்நாட்டில் எவர்க்கும் கட்டணமில்லை. இடைவேளையில் ஆறு புள்ளி பின்தங்கியிருந்த திப்பரேரி, 3-27, 1-18 என வென்றது.